ஜெபக்காரன் காதில் விழுந்த சத்தம்

ஒரு மனிதனைத் தாடையில் எந்த இடத்தில் தட்டினால் அவன் கால் தானாக மடியும் என்பது ஜெபக்காரனுக்கு அத்துப்படி. காதுக்குச் சற்றுக் கீழே, தாடை எலும்பு வளைகிற மூலை. அங்கே அவனுடைய வலது கை ஒருமுறை சரியாக இறங்கினால் போதும், எதிரில் நிற்பவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கண் சொருகி, கயிறு அறுந்த மூட்டை மாதிரி விழுவான். விழுந்தவனைத் தாண்டி நடுமேடைக்கு வந்து, அடித்தவன் முழங்காலில் நின்று கண்ணை மூடுவான். பெற்றோர் வைத்த பெயரை ஊர் மறந்து எத்தனையோ காலமாகிவிட்டது. குத்துச்சண்டை பார்க்கிற எல்லோருக்கும் அவன் ஜெபக்காரன்தான்.

முதல் தடவை அது நடிப்பு இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவனுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். அன்றைக்கு எதிரில் வந்தவன் இவனைவிட ஒரு தலை உயரம். முதல் சுற்றிலேயே இவன் விலாவைப் பதம் பார்த்துவிட்டான். மூச்சை இழுத்தால் உள்ளே எலும்பு குத்தியது. மூக்கு உடைந்து ரத்தம் தொண்டைக்குள் இறங்கியது. கடைசிச் சுற்றில் கண்மண் தெரியாமல் விட்ட ஒரு குத்து பட வேண்டிய இடத்தில் பட்டு அவன் சாய, இவனும் கால் தாங்காமல் சாய்ந்தான். முழங்கால்தான் பிடித்து நிறுத்தியது. “இயேசுவே, உயிரோட விட்டீரே” என்று குழந்தை மாதிரி அழுதான். அரங்கமே கப்சிப் என்று ஆகிவிட்டது. கூட்டத்துக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவன் அண்ணனுக்கு அதைவிடப் பிடித்துப்போயிற்று.

அண்ணன் அதற்கு முன்னால் விழா வீடுகளுக்கு மைக்கும் விளக்கும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஆள். எந்த நேரத்தில் எந்த விளக்கைப் போட்டால் மனிதர்கள் உச்சுக்கொட்டுவார்கள் என்று தெரிந்தவன். தம்பியின் சண்டைகளை ஏற்பாடு செய்கிற வேலையைக் கையில் எடுத்ததும், அந்த முழங்காலைத்தான் முதலில் சீர் செய்தான். நடுவர் பத்து எண்ணி முடித்துக் கையை விரித்ததும் அரங்கத்து விளக்கெல்லாம் அணையும். மேலேயிருந்து ஒரே ஒரு வெள்ளை விளக்கு தம்பியின் தலைமேல் விழும். அவன் முழங்காலிடுவான். அவன் ஆமென் சொல்லி எழுந்திருக்கும்வரை நடுவரோ, டாக்டரோ, மூலையில் வாளியோடு நிற்பவரோ, யாரும் மேடையில் அசையக் கூடாது. ஆரம்பத்தில் அது மூச்சு விடுகிற நேரம்தான் இருந்தது. பிறகு படம் எடுப்பவர்கள் போதவில்லை என்றார்கள். அண்ணன் நீட்டினான். இன்னும் நீட்டினான்.

“ஒண்ணும் சொல்லாட்டியும் உதட்ட மட்டும் அசைச்சுக்கிட்டே இரு. தூரத்துல இருக்கிறவனுக்கும் தெரியணும்” என்றான் ஒருநாள்.

“அண்ணே, இது ஜெபம்ண்ணே.”

“நான் என்ன வேணாம்னா சொன்னேன்? நல்லாப் பண்ணு. நிறையப் பண்ணு.”

கண்ணைத் திறக்காமல் இருப்பது ஜெபக்காரனுக்குக் கஷ்டமே இல்லை. அந்தப் பயிற்சி அம்மா கொடுத்தது. சின்ன வயதில் மாலை ஆனால் அண்ணனும் தம்பியும் சிமெண்ட் தரையில் முழங்காலிட வேண்டும். அம்மா கையில் அகப்பையோடு பின்னால் நிற்பாள். வெளியே நாய் குரைத்தாலும், யாராவது கதவைத் தட்டினாலும், பால் பொங்கி அடுப்பை அணைத்தாலும் கண் திறக்கக் கூடாது. திறந்தால் மண்டையில் ‘ணங்’ என்று விழும். “பேசிக்கிட்டு இருக்கும்போது வேற பக்கம் பார்த்தா மனுஷனுக்கே கோபம் வரும், ஆண்டவருக்கு வராதா? சத்தம் எல்லாம் உலகம்டா. உலகம் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கும். நீ திரும்பாதே” என்பாள். அண்ணன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு அம்மா திரும்புவதற்குள் மூடிக்கொள்வான். அவன் ஒருநாளும் மாட்டியதில்லை. தம்பிக்கு அந்தச் சாமர்த்தியம் வராது. அடி வாங்கி வாங்கி, கடைசியில் இடி விழுந்தாலும் இமை அசையாத பிள்ளையாகிவிட்டான். அம்மாவுக்கு அதில் ரொம்பப் பெருமை.

ஆனால் கண்ணை மூடத் தெரிந்தால் போதுமா? மூடின கண்ணுக்குள்ளே என்ன ஓடுகிறது என்று அகப்பைக்குத் தெரியாது. முன்பெல்லாம் விடியலில் எழுந்து கட்டிலோரம் முழங்காலிட்டு, முந்தின நாள் தான் அடித்தவனுக்காகக்கூட ஜெபம் செய்வான். “அவன் தாடை சீக்கிரம் ஆறணும் ஆண்டவரே” என்று உண்மையாகவே கேட்பான். இப்போது எழுந்ததும் கை போனுக்குப் போகிறது. நேற்று முழங்காலிட்ட படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள், யார் என்ன எழுதினார்கள் என்று படுத்தபடியே தேய்த்துக்கொண்டிருப்பான். காலணிக் கம்பெனிக்காரர்கள் அவனை வைத்து விளம்பரம் எடுத்தார்கள், முழங்காலில் நிற்கிறபோது காலணியின் அடிப்பக்கம் தெரிகிற மாதிரி. ஜெபம் செய்து பெயரெடுத்தவனுக்கு ஜெபம் செய்ய நேரமில்லாமல் போயிற்று. அது அவனுக்கே தெரியும். தெரிந்து, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான்.

வெல்டர் எதிராளியாக வந்தது அந்தச் சமயத்தில்தான்.

வெல்டர் என்பது பட்டப்பெயர் இல்லை. பகலில் கேட்டும் கிரில்லும் பற்றவைப்பதுதான் அவன் வேலை. முன்கையெல்லாம் பொறி பட்ட தழும்பு. அப்பா அம்மா இல்லாதவனை, சலவைக்கடையில் இஸ்திரி போடுகிற அக்காதான் வளர்த்து ஆளாக்கினாள். சண்டைக்கு முதல்நாள் எடை பார்க்கிறபோது அந்த அக்காவும் கூட வந்திருந்தாள். இரண்டு பேரையும் நேருக்கு நேர் நிறுத்தி முறைக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். முறைக்க வேண்டிய வெல்டர் சிரித்துவிட்டான்.

“அண்ணே, நானும் சபைக்குப் போறவன்தான். கடைசி பெஞ்சு. நாளைக்கு எனக்காகவும் ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிக்குங்கண்ணே.”

“கண்டிப்பா பண்றேன்பா” என்றான் ஜெபக்காரன்.

சபைக்குப் போகிறவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிற வார்த்தை இது! போய் வருகிறேன் என்பது மாதிரி வாயில் தானாக வந்துவிடும். ஜெபக்காரன் அதைச் சொல்லிவிட்டுப் படி இறங்குவதற்குள் மறந்துபோனான்.

மறுநாள் சாயங்காலம் அரங்கம் நிரம்பி வழிந்தது. மணி அடித்ததுமே ஜெபக்காரனுக்குத் தெரிந்துவிட்டது, இவன் சிரித்த முகத்தை வைத்து ஏமாந்துவிடக் கூடாதென்று. வெல்டரின் இடது கை நீண்டு நீண்டு வந்து முகத்திலேயே தட்டிக்கொண்டிருந்தது. வலிக்காத தட்டுதான், ஆனால் ஒவ்வொன்றும் கண்ணை மறைத்தது. கண் மறைந்த நேரத்தில் வலது கை ஈரலுக்குக் கீழே வந்து புதைந்தது. ஜெபக்காரனுக்கு உலகமே ஒரு கணம் வெளுத்துப்போயிற்று. இரண்டாவது சுற்றில் புருவம் கிழிந்தது. மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்தபோது அண்ணன் பஞ்சை அந்தக் காயத்துக்குள் திணித்து அழுத்திக்கொண்டே காதில் சொன்னான்.

“டேய், அடுத்த மாசம் பெரிய பெல்ட்டுக்கான சண்டை. எல்லாம் பேசி முடிச்சாச்சு. இந்த வெல்டிங் கடைக்காரன்கிட்ட தோத்தா மூஞ்சியில முழிக்காதே.”

மூன்றாவது சுற்றில் ஜெபக்காரன் அடிக்க ஆரம்பித்தான். இதை நாசூக்காகச் சொல்ல வழியில்லை. வெல்டரைக் கயிற்றோரம் தள்ளி, தன் தலையை அவன் நெஞ்சில் முட்டுக்கொடுத்து, விலாவிலேயே குத்தினான். ஒரே இடத்தில். மாவு மூட்டையை உதைக்கிற சத்தம் வந்தது, பிறகு ஈரத்துணியை அறைகிற சத்தம் வந்தது. வெல்டர் முழங்கையை இறக்கி விலாவை மறைத்தான். அதற்குத்தான் இவன் காத்திருந்தான். மேலே திறந்த முகத்தில் இடது, வலது, மறுபடி இடது. உதடு இரண்டாகப் பிளந்து தொங்கியது. மூக்கு ஒரு பக்கமாக ஒதுங்கியது. முதல் வரிசைக்காரர்கள் சட்டையில் தெறித்ததைத் துடைத்துக்கொண்டு இன்னும் இன்னும் என்று கத்தினார்கள். நடுவர் பிரிக்க வந்தார். வெல்டர் தலையை ஆட்டி, இன்னும் முடியும் என்று கையைத் தூக்கினான். தூக்கியிருக்கக் கூடாது. காதுக்குக் கீழே, தாடை வளைகிற மூலையில், ஜெபக்காரனின் வலது கை தோளோடு சேர்ந்து இறங்கியது.

வெல்டர் நின்றபடியே தூங்கிப்போனான். மல்லாக்க விழுந்தான். பின்மண்டை கித்தானுக்கு அடியில் இருந்த பலகையில் மோதிய சத்தம் அரங்கத்தின் கடைசி வரிசைவரை கேட்டது.

பத்து எண்ணினார்கள். விளக்கு அணைந்தது. வெள்ளை வெளிச்சம் விழுந்தது. ஜெபக்காரன் முழங்காலிட்டுக் கண்ணை மூடினான்.

மூடின கண்ணுக்குள் முதலில் வந்தது பெல்ட். அப்புறம் புருவக் காயம், தையல் போட்டால் படத்தில் எப்படித் தெரியும் என்ற யோசனை. உதடு பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் பின்னால், இருட்டில், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்துக்கொண்ட மாதிரி ஒரு கொறகொறப்பு. அப்புறம் குதிகால் பலகையை அடிக்கிற சத்தம். டப். டப். டப் டப்.

மல்லாக்கக் கிடந்தவனின் வாயில் பல்லைக் காக்க மாட்டியிருந்த பல்லுறை நழுவித் தொண்டையை அடைத்திருந்தது. அதன்மேல் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. இதெல்லாம் பிறகு டாக்டர் சொன்னது. ஜெபக்காரனுக்கு அப்போது தெரிந்தது சத்தம் மட்டும்தான். அது என்ன சத்தம் என்று குத்துச்சண்டைக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“லைட்டப் போடுங்க!” என்று ஒரு பெண் குரல் கிழிந்துகொண்டு வந்தது. “டாக்டர்! அவனுக்கு மூச்சு நிக்குது! லைட்டப் போடுங்கய்யா!”

“ஷ்ஷ்ஷ்” என்றது கூட்டம். “ஜெபம் நடக்குதும்மா, உக்காரு.” யாரோ அவளைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். டாக்டர் கயிற்றுக்கு வெளியே, எல்லோரையும்போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

திரும்பு என்றது ஜெபக்காரனின் உடம்பு. திரும்பாதே என்றது மண்டையில் எப்போதோ விழுந்த அகப்பை. சத்தம் எல்லாம் உலகம். உலகம் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும். அவன் இமையை இன்னும் இறுக்கிக்கொண்டான். கண்ணுக்குள்ளே பெல்ட்டும் காலணி விளம்பரமும் திருவிழாக் கூட்டம் மாதிரி அலைந்துகொண்டிருந்தன. அவற்றையெல்லாம் விரட்டாதவன், அந்த ஒரு சத்தத்தை மட்டும் உலகம் என்று வெளியே நிறுத்தினான். குதிகால் அடிப்பது மெதுவானது. அப்புறம் நின்றது. அப்போதுதான் அவன் ஆமென் சொன்னான்.

விளக்கு வந்தபோது வெல்டரின் முகம் ஈயம் மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் வெல்டர் உள்ளே நினைவில்லாமல் கிடந்தான். வராந்தாவில் அந்த அக்கா சுவரோடு சாய்ந்து நின்றாள். கூட்டம் இழுத்ததில் ரவிக்கையின் தோள்பட்டை கிழிந்திருந்தது. அதை அவள் கவனிக்கவே இல்லை. ஜெபக்காரன் புருவத்தில் பஞ்சோடு வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நான் கத்தினது உனக்குக் கேட்டுச்சா?”

அவன் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் குறுக்கே வந்தான். “அவனுக்கு எப்படிம்மா கேக்கும்? ஜெபத்துல உக்காந்துட்டா இடி விழுந்தாலும் கேக்காது. சின்ன வயசுலேர்ந்தே அப்படி. எங்க அம்மாவை வேணா கேட்டுப் பாருங்க.”

அவள் அண்ணனைப் பார்க்கவே இல்லை. ஜெபக்காரனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தலையைக் குனிந்தான். குனிந்த தலையைப் பார்த்தவர்கள் துக்கம் என்றார்கள். வராந்தாவில் நின்ற நர்ஸ்கூட, “பாவம், எவ்வளவு பக்தி” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

காரில் திரும்பும்போது அண்ணன் போனை நீட்டினான். மேடையில் அவன் முழங்காலிட்ட வீடியோ ஊரெல்லாம் பரவியிருந்தது. சுற்றிலும் கும்மிருட்டு, நடுவில் ரத்தம் வழிகிற முகம், அசையும் உதடு. மரணம் பக்கத்தில் வந்தபோதும் அசையாத விசுவாசம் என்று எழுதியிருந்தார்கள். அக்காவின் கத்தலுக்கு மேலே இசை ஏற்றியிருந்தான் அண்ணன். குதிகால் சத்தம் அறவே இல்லை.

“நாளைக்கு சபையில உன்னை முன்னாடி கூப்பிட்டு அவனுக்காக ஜெபம் பண்ணப் போறாங்க. போதகர்கிட்ட பேசிட்டேன்” என்றான் அண்ணன்.

“அண்ணே, எனக்குக் கேட்டுச்சுண்ணே.”

அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “எனக்கும்தான் கேட்டுச்சு. லைட்டு சுவிட்ச் என் கையிலதான் இருந்துச்சு. அதுக்காக இப்ப ஊரைக் கூட்டிச் சொல்லணுமா? கேக்கலைன்னா நீ ஆண்டவரோட பிள்ளை. கேட்டுச்சுன்னா கொலைகாரன். நீயே முடிவு பண்ணிக்கோ.”

வீட்டில் கட்டிலோரம் முழங்காலிட்டுப் பார்த்தான். கண்ணை மூடியதும் குதிகால் அடித்தது. திறந்தான். மூடினான். அடித்தது. வெல்டருக்குக் கொடுத்த வாக்கு அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது. எனக்காகவும் ஒரு வார்த்தை. குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தான். ஆண்டவரே என்று கூப்பிடக்கூட வாய் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது?

ஞாயிற்றுக்கிழமை காலை சபையில் நிற்க இடமில்லை. போனில் அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். போதகர் அவனை மேடைக்கு அழைத்து, படியோரம், முகம் சபையைப் பார்க்க முழங்காலிடச் சொன்னார். முதல் வரிசையில் அம்மா இருந்தாள். வெள்ளைச் சேலை, மடியில் வேதாகமம், முகமெல்லாம் பூரிப்பு. அண்ணன் பக்கவாட்டில் படம் எடுப்பவனோடு நின்றான்.

“எல்லாரும் கண்ணை மூடுங்க. எந்தச் சத்தம் வந்தாலும் கவனம் சிதறாம இருங்க” என்று போதகர் மைக்கில் ஆரம்பித்தார். நூற்றுக்கணக்கான இமைகள் ஒரே நேரத்தில் மூடின.

ஜெபக்காரனும் மூடினான். குதிகால் அடித்தது. டப். டப். கொஞ்ச நேரம் பொறுத்து அவனுக்கு உறைத்தது, இது தலைக்குள் இருந்து வரவில்லை. யாரோ நடந்து வருகிறார்கள். வெறுங்கால். நடுவழியில். வரிசைகளைத் தாண்டி, மேடையை நோக்கி.

இந்தத் தடவை அவன் கண்ணைத் திறந்தான்.

அதே கிழிந்த ரவிக்கை. கையில் சின்னச் சுத்தியல். பற்றவைத்த இரும்பில் படிகிற கசடைத் தட்டி எடுக்கிற சுத்தியல் அது, ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் கூர். அவள் தம்பியினுடையது. கைப்பிடியில் அவன் சுற்றிவைத்த துணி இன்னும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவே அவள் தனியாக நடந்து வந்து மேடைப் படியில் ஏறினாள்.

“காலையில போயிட்டான்” என்றாள், ரகசியம் சொல்கிற மாதிரி. “நேத்து கேட்டதுக்கு நீ பதில் சொல்லலை. கேட்டுச்சா?”

போதகரின் குரல் மைக்கில் உயர்ந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும். இல்லைக்கா, கேக்கலை. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவளும் ஒருவேளை சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு அழுவாள். பெல்ட் இருக்கும். பெயர் இருக்கும். அம்மாவின் பூரிப்பு இருக்கும்.

“கேட்டுச்சுக்கா” என்றான்.

“என்ன கேட்டுச்சு?”

“ரெண்டும். அவன் காலை அடிச்சுக்கிட்டது. நீங்க கத்தினது.”

“அப்புறம் ஏன் திரும்பலை?”

“ஜெபத்துல இருந்தேன்.”

“என்ன ஜெபம் பண்ணினே?”

ஊரையே முழங்காலில் நிறுத்தியவனிடம் இதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

“ஒண்ணுமே பண்ணலைக்கா.”

சுத்தியல் மேலே போனது. எத்தனை வருஷப் பழக்கம்! அவன் இடது கை தானாகத் தலைக்கு அணையாக எழுந்தது. வலது கை தானாக இடுப்பருகே மடங்கித் தயாரானது. அவள் தாடையின் மூலை திறந்து கிடந்தது. ஒரு குத்து. அவள் எழுந்திருக்கவே மாட்டாள். அவன் கண் அதை அளந்துவிட்டது. அளந்த கண்ணாலேயே அவள் முகத்தையும் பார்த்தான். தூங்காமல் வீங்கிய முகம், தம்பியைப் போலவே லேசாகப் பிளந்த உதடு. கடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் இரண்டு கையையும் இறக்கிப் படியில் ஊன்றிக்கொண்டான்.

முதல் அடி தோளில் விழுந்தது. கூர்ப்பக்கம் உள்ளே போய் எலும்பில் நின்றது. அவள் பிடுங்கி மறுபடி ஓங்கினாள். அது வலது கையின் மேல் விழுந்தது. விரல் எலும்புகள் காய்ந்த சுள்ளி மாதிரி முறிந்தன. பல்லைக் கடித்துக்கொண்டும் அவன் அலறிவிட்டான்.

“சத்துரு இடைஞ்சல் பண்றான்!” என்று போதகர் கண்ணை இறுக்கிக்கொண்டு முழங்கினார். “யாரும் கண்ணைத் திறக்காதீங்க! இன்னும் சத்தமா ஜெபிங்க!”

சபை சத்தமாக ஜெபித்தது. அவன் அலறல் அதற்குள் அமுங்கிப்போயிற்று. மறுபடி ஒரு அடி, அதே கையில். அவனுக்கு வெல்டர் எப்படிக் கிடந்திருப்பான் என்று அப்போது புரிந்தது. கூப்பிடுகிற தூரத்தில் இத்தனை பேர். ஒருவரும் திரும்பவில்லை.

அண்ணன் ஒருவன்தான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். தம்பியின் கையைப் பார்த்தான், சுத்தியலைப் பார்த்தான். பிறகு மூடிக்கொண்டான்.

“கண்ணைத் திறங்க!” என்று கத்தினான் ஜெபக்காரன். “எல்லாரும் கண்ணைத் திறங்க! இப்படித்தான் நானும் ஒருத்தனைச் சாக விட்டேன்!”

முன்வரிசையில் நான்கைந்து பேர் திறந்தார்கள். ஒரு பெண் வீறிட்டாள். அவள் சத்தம் கேட்டு இன்னும் சிலர் திறந்தார்கள். யாரோ மேடையில் ஏறி அக்காவின் கையைப் பிடிக்கப் பாய்ந்தார்கள். பிடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவளுக்குள் இருந்த பலமெல்லாம் தீர்ந்துவிட்டது. சுத்தியல் படியில் உருண்டது. அவள் அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

“யாரும் அவங்களைத் தொடாதீங்க” என்றான் அவன்.

அம்மா மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. மகன் ரத்தம் படியில் வழிந்து அவள் காலடிக்கு வந்துகொண்டிருந்தது. மகன் குரல் அவளுக்குத் தெரியாதா? தெரிந்தது. வேதாகமத்தைப் பிடித்திருந்த விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. இமை மட்டும் பூட்டின பூட்டாக இருந்தது.

“அம்மா” என்று கூப்பிட்டான். “அம்மா, கண்ணைத் தொறம்மா.”

“ஜெபம் முடியட்டும்டா” என்றாள் அம்மா.

அவன் அம்மாவைப் பார்த்தான். கோபம் வரவில்லை. ஒரு காலத்தில் தானும் இதைத்தான் பக்தி என்று நினைத்திருந்தான் என்பதில் நெஞ்சு வலித்தது. பிறகு படியில் சரிந்து சரிந்து நகர்ந்து அந்த அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். உடைந்த கையை மடியில் போட்டுக்கொண்டு, இடது கையை அவள் பக்கமாகத் தரையில் வைத்தான், தொடாமல். அவளையே பார்த்தபடி மெல்லச் சொன்னான்.

“ஆண்டவரே, இவங்க தம்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தான். நான் சொல்லலை. இப்ப சொல்லி அவனுக்கு ஆகப்போறது ஒண்ணுமில்லை. இந்த அக்காவைப் பாருங்க. இவங்க கத்தினது உங்களுக்கும் கேட்டிருக்கும்.”

தலைமேல் வெள்ளை விளக்கு இல்லை. மூக்கு ஒழுகியது, தோள் பற்றி எரிந்தது, யாரோ பக்கத்தில் ஆம்புலன்சுக்குப் போன் செய்துகொண்டிருந்தார்கள். முதல் தடவை முழங்கால் மடிந்து அழுத அன்றைக்கு அப்புறம் இன்றைக்குத்தான், தான் பேசுவதை யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. அந்த நிச்சயத்தில் அவன் விம்மினான். அக்கா அழுகையை நிறுத்தவில்லை, ஆனால் எழுந்து போகவும் இல்லை.

போதகர் மைக்கில் இன்னும் ஆமென் சொல்லவில்லை. முன்வரிசையில் அம்மா, சின்னப் பிள்ளை திருட்டுத்தனமாகப் பார்ப்பதுபோல, ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.